பன்னிரண்டு குழாய்

தண்ணீர்க் கட்டணத்தை நகராட்சி ஆறு மடங்கு ஏற்றியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். துண்டிக்கிற அளவுக்கு அங்கே என்ன ஓடுகிறது? பத்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஒரு மணி நேரம் வடியும். அந்த வடிசலும் போனால் அய்யம்மாள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிற கூலி அதற்கே சரியாகிவிடும். அன்றைய வேலையைப் போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனாள்.

குடிநீர்ப் பிரிவில் நவநீதகிருஷ்ணன் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். மேசையில் கம்பெனி வாட்டர் பாட்டில். ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர் ஊர்த் தண்ணீரைக் குடிப்பதில்லை.

"எதுக்கு சார் இம்புட்டு ஏத்தியிருக்கீக?"

"உபயோகம் கூடுதலும்மா."

"மீட்டரே மாட்டல. நான் குடிச்சத எப்படிக் கண்டீக? கனவுல வந்து பாத்தீகளா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிறுத்தது.

"மீட்டர் இல்லாத வீட்டுக்குக் குழாயை எண்ணித்தான் போடுவோம். உங்க வீட்ல பன்னெண்டு குழாய் இருக்கு. வீடா, லாட்ஜா?"

"ஒத்த ரூம் வீடு சார். பன்னெண்டு குழாய எங்கன வைக்க, என் தலையிலயா?"

"நானே நேர்ல வந்து கேட்டேன். நீங்க சொன்ன கணக்குத்தான்."

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆடி மாதம் இந்த மனிதர் வந்தார். பசை நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டை. வாசலைத் தாண்டவில்லை, செல்போனிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அவள் உள்ளே கையெல்லாம் பசையோடு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். "குழாய் எத்தனை?" என்றார். உருட்டியதை வாங்க வரும் வெடிக் கம்பெனி ஏஜெண்டும் அதே மிடுக்கில் அதையேதான் கேட்பான். தலை நிமிராமல், "பன்னெண்டு குரோஸ்" என்றாள். ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு; அது அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. புரியாததை விட்டுவிட்டுப் புரிந்ததை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"அது வெடிக்குழாய் சார். பேப்பர்ல உருட்டுறது. அதுல தண்ணி விட்டா நமுத்துப் போகும்."

இந்த முறை பக்கத்து மேசையும் சிரித்தது. தப்பு செய்தவருக்கே கோபம் வந்தது.

"அப்ப வீட்ல தொழில் நடக்குது. கமர்ஷியல் ரேட்டு போடட்டுமா?"

"போடுங்க. ஆனா தொழில்னா முதலாளி இருக்கணும்ல? அவரு பங்களா திருத்தங்கல்ல இருக்கு. அங்கன போயி எண்ணுங்க, பாத்ரூமே பன்னெண்டு தேறும். அந்த வாசல்ல உங்கள விடுவாகளா?"

அவர் மறுநாள் நேரில் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

வந்தார். அய்யம்மாள் வீட்டு முன்னால் இருந்த குழியைக் காட்டினாள். தண்ணீர் தரைமட்டத்துக்கு ஏறாது என்று தெருவில் எல்லாரும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அதற்குள் குழாயை இறக்கியிருந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையக் குனிந்து படம் எடுத்துக்கொண்டார். திருகிப் பார்த்தார். புஸ்ஸென்றது.

"காத்துக்குத் தனி ரேட்டா சார்?"

அவர் செல்போனில் 'ஒன்று' என்று மாற்றினார். பழைய கட்டணமே என்று அவள் செல்லுக்குச் செய்தி வந்தது. அதை அவள் இரண்டு தடவை வாசித்துக்கொண்டாள்.

வேலை முடிந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கமர்ஷியல் போடாம விட்டிருக்கேன். தீபாவளி வருது. பிள்ளைக வெடி கேக்குதுக. பாத்துச் செய்ங்கம்மா."

வெடிக்குக் குழாய் உருட்டுகிறவள் வீட்டில் வெடி குவிந்து கிடக்கும் என்று எவன் இவருக்குச் சொன்னான்? அய்யம்மாள் உள்ளே போனாள். காய்ந்த வெறுங்குழாய்களில் கொஞ்சத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மருந்து மட்டும் நீங்க அடைச்சுக்கோங்க சார். பன்னெண்டு இருக்கு, இங்கனயே எண்ணிப் பாத்துருங்க. பெறகு ஆபீசுக்குப் போயி வேற எதையாச்சும் எழுதிறாதீக."