ஒரு சாண் ஒடுக்கிய சாரன்

1.

இது ஒரு பக்கக் கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கல்முனையில் அச்சகம் வைத்திருக்கும் மசூர், மாதர் சங்க மலருக்கு ‘குடும்ப வாழ்வும் தையற்கலையும்’ என்று ஒரு பக்கம் கேட்டார். “பயனுள்ள குறிப்பா அஞ்சாறு போடுங்க ராத்தா. ஊர்க்கதை வேணாம்.” ஊர்க்கதை வேண்டாமென்றால் கல்முனைக்குடியில் இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் வந்தார் என்பது இன்றைக்கும் விளங்கவில்லை.

என் மேசை சன்னலோரம் கிடக்கிறது. சன்னலுக்கு அங்கால் கிடுகு வேலி. வேலியில் ஒரு ஓட்டை. (ஓட்டையை நான் போடவில்லை. கிடுகு தானாக உக்கியது. விரலால் கொஞ்சம் உதவி செய்தேன், அவ்வளவுதான்.)

முதல் தொடக்கம்: “ஊசியில் நூல் கோக்குமுன் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். இல்லறத்திலும்—” இல்லறத்தில் எதைச் சாய்வாக வெட்டுவது? விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: “வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் பூப்போடுமுன், நூலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதும்—” இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையை எந்தத் தண்ணீரில் ஊறவைப்பது என்று கேட்டு நாலு பேர் என் வாசலுக்கு வருவார்கள்.

மூன்றாம் தொடக்கம்: “றமீஸ் காணுக்குள் விழுந்தான்.”

இதில் குறிப்பும் இல்லை, பயனும் இல்லை. ஆனால் பேனை அதற்குப் பிறகு நிற்கவில்லை.

2.

வெளியூர்க்காரர் யாராவது இதைக் கையில் எடுத்துவிட்டால், அவருக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு எழுதியது. அவர் பிறந்த வீடோ அவருடைய தங்கைக்கு. அங்கே தங்கையின் மாப்பிள்ளை வந்து நல்ல கதிரையைப் பிடித்திருப்பார். ஆகவே ஒரு ஆம்பிளை கோவித்துக்கொண்டு வெளியேறினால், ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து இன்னொரு பெண்ணின் வீட்டுக்குத்தான் போகலாம். எங்களூர் ஆம்பிளைகளின் கோபத்துக்குச் சொந்தக் கூரை கிடையாது. (இதை நான் சொன்னதாக யாருக்கும் சொல்ல வேண்டாம். அச்சடித்துத்தான் தருகிறேன், இருந்தாலும்.)

றமீஸ் அப்படி வந்த மாப்பிள்ளை. எதிர்வீட்டு றஸ்னாவை முடித்தவன். இரும்புச் சாமான் கடையில் வேலை. குறை சொல்ல முடியாத பொடியன், ஒன்றைத் தவிர: பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போய் அங்கேயே தின்றுவிட்டு வருவான். றஸ்னாவின் மீன் ஆணம், அதுதான் குழம்பு, சட்டியிலேயே ஆறும். அதன் வாசம் என் சன்னல் வரை வரும். அது எவ்வளவு நல்ல ஆணம் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது.

3.

இனி நதீரா.

நதீரா என் பக்கத்து வளவு. பின்னேரங்களில் அவளுடைய விறாந்தையில் தையல் வகுப்பு. கல்முனைக்குடியின் பாதிக் குமருகள் அங்கேதான் தலையணை உறைக்குப் பூப்போடப் பழகியவர்கள். நதீரா ஒரு தன்னலம் பிடித்த— (வேண்டாம், நாளைக்கும் அவளிடம்தான் கறிவேப்பிலை கேட்க வேண்டும்.) நதீரா நல்ல தையற்காரி. ஊசி ஓடும்போது வாயும் ஓடும், அதுதான்.

“நூல முழங்கைக்கு மேல நீளமா வெட்டாதீங்க புள்ளைகள், சிக்கும்,” என்பாள். அதே மூச்சில், “புருசனுக்கு எல்லாக் கதையையும் ஒரே நாள்ல சொல்லாதீங்க. அதுவும் சிக்கும்.”

பெருநாளுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பின்னேரம், றஸ்னா அவளிடம் வாய்விட்டாள்.

“அவரு அங்கயே திண்டுட்டு வாறாரு ராத்தா. வந்து, பசிக்கல்லயாம். நான் ஆருக்குச் சமைக்கிற?”

“பெருநாளுக்குச் சாரன் எடுத்திரிக்கயா?”

“ரெண்டு. மருதமுனைச் சாரன். இன்னும் மூட்டல்ல.”

(சாரன், வெளியூரில் லுங்கி என்பார்கள், கடையிலிருந்து தட்டைத் துணியாக வரும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து வட்டமாக்குவதுதான் மூட்டுவது. புருசனுக்கு அதைச் செய்துகொடுப்பது பெண்சாதியின் கை.)

“அப்ப ஒடுக்கி மூட்டுகா. நாலு விரல் போதும். துணிய மட்டும் வெட்டிப்போடாத, மிச்சத்த உள்ளுக்க மடிச்சு வச்சுத் தை. எட்டி நடக்க ஏலாத மனிசன் தூரத்துக்குப் போகமாட்டான்.”

குமருகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றஸ்னா சிரிக்கவில்லை. அவள் தன் கையை விரித்து விரலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த நதீராவின் ஆலோசனை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளுடைய மாப்பிள்ளை முத்தலிப் காக்கா வீட்டிலும் கழிசான் என்கிற நீளக் காற்சட்டை, ரோட்டிலும் கழிசான், தொழுகைக்கும் கழிசான். கல்யாணம் முடித்த புதிதில் சாரன் உடுத்தவர்தான். ஏன் விட்டார் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை.

4.

நாலு விரலை றஸ்னா ஒரு சாண் ஆக்கினாள். கறிக்கு உப்புப் போடும்போது இருக்கிற நிதானம் மருந்து போடும்போது நமக்கு இருப்பதில்லை. இரண்டு சாரனையும் அப்படியே மூட்டினாள்.

பெருநாள் பின்னேரம் றமீஸ் அதில் ஒன்றை உடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினான். வழியில், ஹமீட் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒரு காண், தெருத் தண்ணீர் ஓடும் வடிகால். பத்து அடி தள்ளிப் பலகை போட்டிருக்கிறது. பலகையில் கிழவர்களும் சைக்கிள்களும் போகும். இளந்தாரிகள் காணைப் பாய்வார்கள். றமீஸ் பாய்ந்தான். ஒரு கால் பாய்ந்தது. மற்றக் கால் றஸ்னாவின் தையலுக்குக் கட்டுப்பட்டது.

பெருநாள் என்பதால் கடை நிறையச் சனம்.

“என்ன மச்சான்,” என்று ஹமீட் கல்லாவிலிருந்தே கேட்டான், “பொஞ்சாதி காலுக்கு விலங்கு போட்டிரிக்கா?”

றமீஸ் காணுக்குள் நின்றபடியே சாரனின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒரு சாண் மடிப்பு. நனைந்தபடியே தாய்வீட்டுக்குப் போனான். போனவன் போனவன்தான்.

(சனம் கலைந்த பிறகு நான் விசாரித்தேன்: சேறு பட்டதே தவிர தையலில் ஒரு நூல்கூட விடவில்லையாம். பின்தையல் என்றால் அப்படி இருக்க வேண்டும். மசூர், இதோ உங்களுடைய பயனுள்ள குறிப்பு.)

தாய்வீட்டுக்குப் போகாமல் இருக்கத் தைத்த சாரன் அவனைத் தாய்வீட்டிலேயே இருத்திவிட்டது. இதற்கு மேல் ஒரு கதாசிரியை என்னத்தைச் சோடிப்பது?

5.

முடிவுகளுக்கு இங்கே தட்டுப்பாடு இல்லை. வேலிக்கு வேலி ஒன்று கிடைக்கிறது.

மசூர் கேட்கக்கூடிய முடிவு: “றமீஸ் தன் தவறை உணர்ந்து, கண்ணீர் மல்க—” மல்காது. அவனை எனக்குத் தெரியும்.

நதீரா கேட்ட முடிவு. நான் எழுதுவது அவளுக்கு எப்படியோ தெரிந்து, வேலிக்கு வந்துவிட்டாள்.

“மதினி, என்னப்பத்தியும் எழுதிறீங்களாமே?”

“தையல் குறிப்புத்தான் எழுதிறன்.”

“நான் நாலு விரலெண்டுதான் சொன்னன். அத வடிவா எழுதுங்க. ஒரு சாணுக்கு நான் பொறுப்பில்ல. மறுகா, வெட்டவேணாமெண்டு சொன்னதும் நான்தான். அதையும் போடுங்க.”

போட்டுவிட்டேன்.

பெரியவர்கள் கேட்ட முடிவு, ஊர் வழக்கப்படியானது: பெண் பகுதியார் நாலு பேராய்ப் போய், தலையைக் குனிந்து, மாப்பிள்ளையை அழைத்து வருவது. றஸ்னாவின் வாப்பா தொப்பியும் போட்டுக்கொண்டார். றஸ்னா வாசல் கடப்படியில் மறித்தாள். “நீங்க போகப்படாது வாப்பா. தச்சது நான்.”

பிறகு அவளே என் வீட்டுக்கு வந்தாள்.

“ராத்தா, அவரு வந்திட்டாரெண்டு எழுதுங்க. மலர் வந்தா ஊரே வாசிக்கும். மறுகா வராம இருக்க ஏலாதே.”

“வராட்டி?”

“வராட்டி நீங்க பொய்க்காரி. நானில்ல.”

இந்த இடத்தில்தான் எனக்கு என் பாத்திரத்தில் சந்தேகம் வந்தது. மூன்றாம் பகுதியில் இவளை விரலெண்ணும் அப்பாவியாக எழுதியிருந்தேன். திருத்த வேண்டும். (திருத்தவில்லை. நீங்களே மனதில் திருத்திக்கொள்ளுங்கள்.)

“அவருட்ட ஒரு கதை சொல்ல இரிக்கி,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “சோறு திங்கக்குள்ள சொல்லுவமெண்டு வச்சிருந்தன். அவரு எங்க இஞ்ச திண்டாரு? அத மட்டும் எழுதிராதீங்க ராத்தா.”

எழுதவில்லை. என்ன கதை என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள் மடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வொயில் சட்டை வெட்டியபடி கிடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். அது எழுதாத கணக்கில்தான் சேரும்.

6.

மறுநாள் றஸ்னா அந்த இரண்டாவது சாரனை எடுத்தாள். சவர அலகால் தையலைப் பிரித்தாள். வெட்டாமல் மடித்த துணி என்பதால் ஒரு சாணும் அப்படியே வெளியே வந்தது. மடிப்புத் தெரியாமல் அழுத்தினாள். மூட்டவில்லை. தட்டைத் துணியாகவே மடித்து, கடைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“நீங்கதானே எல்லா வீட்டுக்கும் போறீங்க.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே நல்ல கதிரையில் தங்கையின் மாப்பிள்ளை. றமீஸ் குசினி வாசலில் முக்காலியில் இருந்தான். உடுத்திருந்தது அதே ஒடுக்கச் சாரன், கழுவிக் காயவைத்தது. அவனுடைய மற்ற உடுப்பெல்லாம் றஸ்னா வீட்டு அலுமாரியில்.

“மச்சானுட சாரன் ஒண்ட உடுத்தா என்னவாம்?” என்று தாயிடம் மெல்லக் கேட்டேன்.

“மச்சானுட வீட்டுல, மச்சானுட சாரனோட, மச்சானுக்கு முன்னால இரிக்கேலாதாம்,” என்றார் அவர். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. கோபம் பழசாகிப்போன வீட்டில் வரும் பெருமூச்சு.

றமீஸ் துணியை விரித்தான். இரண்டு ஓரமும் சும்மா தொங்கின.

“மூட்டல்லயே. ஆரு மூட்டுறயாம்?”

“அத அவள் சொல்லல்ல.”

“தாங்க காக்கா, நான் தச்சுத் தாறன்,” என்று தங்கை கை நீட்டினாள்.

“வேணாம்.”

“உம்மா தச்சாவது—” என்று இழுத்தாள் தங்கை.

“எனக்குக் கண் தெரியாது,” என்றார் தாய், அவசரமாக. நேற்றுக் காலையில் அவர் அரிசியில் கல் பொறுக்கியதை நான் கண்டிருந்தேன். ஆனால் அது இன்னொரு கதை. எழுதினால் அவரும் வேலிக்கு வருவார்.

7.

இப்போது அசர் தொழுகை முடிந்துவிட்டது. நான் சன்னலோரம் இருக்கிறேன். ஓட்டை வழியாக எங்கள் ஒழுங்கையின், இந்தச் சின்னச் சந்தின், முனை தெரிகிறது. அங்கே றமீஸ், கக்கத்தில் கடைப்பை.

இடப்பக்கம் போனால் சந்தையில் தையல்கடை; ஒரு சாரனை ஒரு தேத்தண்ணி ஆறுமுன் மூட்டித் தருவார்கள். வலப்பக்கம் வந்தால் றஸ்னா வீடு. அவளும் சன்னலில் நிற்கிறாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். மீன் ஆணம் கொதிக்கிற வாசம் வருகிறது.

முத்தலிப் காக்கா சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். ஒரு காலை ஊன்றி, றமீஸின் சாரனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி,” என்றார், “கழிசான் ஒண்டு எடுங்களன்.”

அவருடைய கல்யாண வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

றமீஸ் சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுதான் தெரிகிறது. பையைக் கை மாற்றுகிறான்.

மசூர் ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் வாசலில் நின்று பக்கத்தைக் கேட்கிறார். அவன் வந்தான் என்று எழுதினால் நான் றஸ்னாவின் ஆள். தையல்கடைக்குப் போனான் என்று எழுதினால் நாளைக்கு எனக்கு ஆணத்தின் வாசம்கூடக் கிடைக்காது. நான் எழுதமாட்டேன். அவனை ஒழுங்கை முனையில் விட்டுவிட்டுப் பேனையை மூடுகிறேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று நீங்கள் சொல்லுங்கள். ஊரார் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்ல உங்களுக்கும் ஆசை இல்லாமலா இவ்வளவு தூரம் வாசித்தீர்கள்?

அவசரப்பட வேண்டாம். அவன் உடுத்திருப்பது இன்னும் அந்த ஒடுக்கச் சாரன்தான். எந்தப் பக்கம் போனாலும் மெதுவாகத்தான் போவான்.