மூன்றாவது போதும்

அணிலுக்கு அந்தப் பெயரை வைத்தது ரேடியோதான். ரேடியோவுக்குப் பெயர் வைத்ததில் விடுதி மொத்தத்துக்கும் பங்கு உண்டு. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் படுக்கையில் விழுந்து குறட்டை வரும்வரை அவள் வாய் ஓயாது. அணில் நேரெதிர். பேசவும் மாட்டாள், தின்னவும் மாட்டாள். தட்டின் ஓரத்தில் ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு கொறித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இருவருக்கும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ரேடியோ கணக்கியல் படித்தாள், அதாவது பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படித்தாள். அணில் படித்தது கட்டடக்கலை. அறையில் பாதியை அவளுடைய அட்டை வீடுகள் பிடித்துக்கொண்டிருந்தன. தீக்குச்சி அகலத்தில் படிகளை வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவள் ஒட்டுவாள். அப்போது மட்டும் ரேடியோ வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

வம்பு அணிலின் அம்மாவால் வந்தது. அவர் தையல் கடை வைத்திருப்பவர். அளவெடுத்துப் பழகிய கண்ணுக்கு நாடா தேவைப்படாது. ஒருநாள் கைப்பேசித் திரையில் மகளைப் பார்த்ததுமே, "தோள்ல ரெண்டு விரல் குறைஞ்சிருக்கே! அந்த ஊர்ல உனக்கு யாரும் சோறு போடறதில்லையா?" என்று பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பதாகவும், இப்படியே இருந்தால் கையோடு கூட்டிப் போய்விடப்போவதாகவும் சொன்னார். வீட்டுப் பக்கத்திலேயே கல்லூரி இருக்கிறதாம். அந்தக் கல்லூரியில் கட்டடக்கலை கிடையாது.

அணில் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படி ஒட்ட உட்கார்ந்தாள். ஒட்டிய படி கோணிக்கொண்டு போனது. பிய்த்து எடுத்து மறுபடி ஒட்டினாள். அதுவும் கோணியது.

ரேடியோவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "என்னடி, இவ்ளோ பெரிய ஊர்ல உன் நாக்குக்குப் பிடிச்ச சாப்பாடு ஒண்ணுகூடவா இல்லாம போயிடும்? நான் தேடிக் கண்டுபிடிக்கறேன். நீ வாயத் திற, அது போதும்."

அன்றிலிருந்து சனிக்கிழமை வந்தால் இருவரும் ஊர் மேயக் கிளம்பினார்கள்.

முதலில் போனது மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த கடைக்கு. மூட்டை தூக்குகிறவர்கள் விடிந்ததும் சாப்பிட வரும் இடம். பெஞ்சில் இடம் இல்லாமல் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழிய முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். கடைக்காரர் இரண்டாவது ரொட்டியோடு வந்து நின்றார். அணில் "போதும்ண்ணே" என்றாள். அவர் ரொட்டியை ரேடியோ தட்டில் போட்டுவிட்டுப் போனார். ரேடியோ அதைத் தின்றாள்.

அடுத்து பெரிய ஆஸ்பத்திரியின் உணவகம். அங்கே சூப் பிரமாதமாக இருக்கும் என்று யாரோ சொன்னது ரேடியோவின் காதில் விழுந்திருந்தது. நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்று வாசலில் எழுதியிருந்ததால், ரேடியோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வரிசையில் நின்ற ஒரு நர்ஸ், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். ரேடியோ யோசிக்காமல் "மாமாவுக்கு" என்றாள். அதே நொடியில் அணில் "சித்திக்கு" என்றாள். நர்ஸ் பதறிப்போய், ஒரே குடும்பத்தில் இரண்டு பேரா என்று, அவர்களை முன்னால் விட்டார். சூப் வெந்நீர் மாதிரி இருந்தது. அதிலும் பாதிக் கோப்பை ஊற்றும்போதே அணில் "போதும்" என்றாள்.

ஓடும் பட்டையில் சின்னச் சின்னத் தட்டுகள் வரிசையாக வருகிற கடைக்கும் போனார்கள். பிடித்ததை எட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ரேடியோ இரண்டு கையாலும் எடுத்தாள். அணில் தட்டுகளை ஊர்வலம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுடி!" "அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு வேணுமோ என்னமோ." "அவங்க உன்னக் கேட்டாங்களா?" "யாருமே கேக்கலையே," என்றாள் அணில். ரேடியோவுக்கு அது வேடிக்கையாக இருந்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

இப்படியே அந்த மாதம் ஓடியது. போகிற இடமெல்லாம் அணில் "நல்லா இருக்கு" என்பாள். "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று ரேடியோ கேட்பாள். "போதும்" என்று பதில் வரும். மீதி ரேடியோவின் வயிற்றுக்குள் போகும். மாதக் கடைசியில் அணில் ஒரு சுற்றும் பெருக்கவில்லை. ரேடியோவின் கால்சட்டைப் பொத்தான் மட்டும் தெறித்துப் போய் அட்டை வீட்டு மாடியில் விழுந்தது.

சொன்னபடி அம்மா வந்து இறங்கினார். பேருந்து நிலையத்தில் மகளைக் கண்டதும் இரண்டு தோளிலும் கை வைத்துப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "மூட்டையக் கட்டு," என்றார்.

"முதல்ல சாப்பிடலாம்மா," என்று ரேடியோ குறுக்கே விழுந்தாள். சாப்பாடு முடிவதற்குள் அம்மாவை எதையாவது பேசி மடக்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்காவது அவளுக்கு வரும் என்று நம்பினாள், பாவம்.

நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு குடும்ப உணவகம் இருந்தது. மதிய நேரம், ஒரே கூட்டம், ஒரே சத்தம். அங்கே சோற்றையும் கறியையும் பாத்திரத்தோடு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிடுவார்கள். தீர்ந்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பரிமாறுகிறவர் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கரண்டி அம்மாவின் கைக்குப் போய்விட்டது. வெளியூர் ஆனால் என்ன, கரண்டியைப் பார்த்தால் அம்மாக்களுக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் ரேடியோவுக்குப் போட்டார். பிறகு அணிலுக்கு ஒரு கரண்டி.

"போதும்மா," என்றாள் அணில்.

அம்மா காதில் விழாதது போல இன்னொரு கரண்டி போட்டார். அணில் "அய்யோ, போதும்மா" என்று தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். அம்மா அந்தக் கையை ஈ ஓட்டுவது போல ஒதுக்கிவிட்டு மூன்றாவது கரண்டியைப் போட்டார். கறியை அதன் தலையில் கொட்டினார். தான் ஊரில் வெட்டித் தைத்துக்கொண்டிருக்கும் பள்ளிச் சீருடைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இதையெல்லாம் செய்தார்.

இப்போது இந்தப் பெண் என்ன செய்யப் போகிறாளோ என்று ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அணில் சாப்பிட்டாள். கொறிக்கவில்லை, குனிந்த தலை நிமிராமல் வாய் நிறையச் சாப்பிட்டாள். தட்டு காலியானது. அம்மா மறுபடி போட்டார், மறுபடி தட்டு காலியானது. பாத்திரத்தின் அடி தெரிந்தது. அம்மா கடைசியாகத் தன் தட்டில் சுரண்டிப் போட்டுக்கொண்டது ஒரு கைப்பிடி இருக்கும்.

"நீ போதும்னு சொன்னியேடி!" ரேடியோவுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

"ஆமா, சொன்னேன்."

"அப்புறம் ஏன் சாப்பிட்ட?"

"பசிச்சுது," என்றாள் அணில், இது என்ன கேள்வி என்பது போல.

அம்மா சிரித்தார். "போதும்னு சொல்லாம, பின்ன 'போடு போடு'ன்னா கேப்பாங்க? முதல் போதும் மரியாதைக்கு. ரெண்டாவது, போடறவங்களுக்கு இருக்கான்னு பாக்கறதுக்கு. மூணாவதா சொன்னாதான் நெஜமா போதும். உங்க வீட்ல எப்படி?"

"எங்க வீட்ல நாங்க ஆறு பேரும்மா. ஒருத்தி போதும்னு சொன்னா பாத்திரம் அடுத்த தட்டுக்குப் போயிடும். திரும்பி வராது. பொய்யாக்கூட யாரும் போதும்னு சொல்ல மாட்டோம்."

"ஒரு தடவை சொன்னா விட்டுடுவீங்களா?" அம்மாவின் முகத்தில் அசல் திகில் தெரிந்தது. ஏதோ ரேடியோவின் வீட்டில் பிள்ளைகளைக் கட்டிப் போட்டு வளர்த்தார்கள் என்பது போல.

விடுதியில் பரிமாறுகிறவர் அணிலின் ஒற்றைப் 'போதும்' என்பதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு வேளையும் அடுத்தவளிடம் போனது ரேடியோவின் கண் முன்னால் வந்தது. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, கைமாறிப் போன ரொட்டியை அணில் பார்த்த பார்வையும் வந்தது. அந்த ரொட்டியைத் தின்றது யார்? இவள்தான். தோழியைத் தேற்றுகிறேன் என்று ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு போய், அவள் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, அவள் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று அவளுக்கே பெயர் வேறு வைத்திருக்கிறாள். ரேடியோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எரும மாடே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று தோழியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நீ ரெண்டாவது தடவை கேப்பேன்னு நெனச்சேன். ஒவ்வொரு கடையிலயும் நெனச்சேன்," என்றாள் அணில். அவள் குறையாகச் சொல்லவில்லை. ரேடியோவுக்கு அதுதான் இன்னும் வலித்தது.

குட்டு உடைந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ரேடியோ நினைத்தாள். ஆனால் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ இத்தன மாசமும் நீ பசியோடதான் படுத்திருக்க," என்றார் மகளிடம். "பிடிக்காம சாப்பிடலன்னாகூட மனசு ஆறியிருக்கும். கேக்கத் தெரியாம பட்டினி கிடந்திருக்க. உன்ன இங்க விட்டுட்டுப் போயி நான் எப்படி ஊசில நூல் கோப்பேன்? கிளம்பு. அட்டையெல்லாம் அப்புறமா எடுத்துக்கலாம்."

"நான் போடறேன்மா!" என்றாள் ரேடியோ. "மூணு தடவ போடறேன். வேணும்னா ஊட்டியே விடறேன்."

"நீ இல்லாத அன்னிக்கு?"

அம்மா மகளைப் பார்த்தார். கோபம் போய், கெஞ்சுகிற குரல் வந்துவிட்டது. "அதோ வராரு பாரு, கூப்பிட்டு இன்னும் சோறு வேணும்னு கேளு. உன் வாயால, எனக்குக் கேக்கற மாதிரி. கேட்டுட்டா இரு, படி, கட்டடம் கட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அணிலின் முகம் சிவந்து போனது. பரிமாறுகிறவர் இரண்டு கையிலும் பாத்திரங்களோடு பக்கத்து மேஜைக்கு வந்தார். அணில் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவர் போய்விட்டார். ரேடியோ மேஜைக்கு அடியில் தோழியின் தொடையைக் கிள்ளினாள். அவர் திரும்பி வந்தார், இந்த முறை அணில் கையைப் பாதி தூக்கினாள், தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டாள். அவர் மறுபடி போய்விட்டார். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தலையைக் குனிந்துகொண்ட அணிலின் பார்வை அம்மாவின் தட்டில் விழுந்தது. அந்தக் கைப்பிடிச் சோறு எப்போதோ தீர்ந்திருந்தது. விடியும் முன்னே பேருந்து ஏறி வந்தவர். தட்டை வழித்துத் துடைத்தது போல வைத்திருந்தார். வீட்டிலும் அம்மா கடைசியாகத்தான் உட்காருவார். "எனக்குப் போதும்" என்பார். அவருக்கு இரண்டாவது தடவை யாரும் போட்டதில்லை. கரண்டி அவர் கையிலேயே இருந்ததால் போடவேண்டும் என்று யாருக்கும், அணிலுக்கும் தோன்றியதில்லை.

"அண்ணே!"

கடையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் அணிலுடையது என்று நம்ப ரேடியோவுக்கே ஒரு நொடி ஆனது.

"இங்க இன்னும் சோறு வேணும். கறியும் வேணும். எங்கம்மாவுக்கு."

"எனக்கெதுக்கு? போதும் போதும்," என்று அம்மா பதறினார்.

பரிமாறுகிறவர் தயங்கி நின்றார். "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்கண்ணே. நீங்க வையுங்க," என்றாள் அணில். பாத்திரம் மேஜைக்கு வந்ததும் கரண்டியை அவளே எடுத்துக்கொண்டாள். அம்மா தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார். அணில் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு கரண்டி போட்டாள். அம்மா "போதும்டி" என்றார். இன்னொன்று போட்டாள். அம்மா மூன்றாவது முறை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். மகள் சாப்பிட்டது போலவே, தலை நிமிராமல். இவ்வளவு பசி அவருக்கு இருந்திருக்கிறது.

ரேடியோ கறிப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தட்டை முடித்துவிட்டு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் செல்லாது," என்றார். "நான் உனக்குக் கேக்கச் சொன்னேன். நீ எனக்குக் கேட்டுட்ட."

பரிமாறுகிறவர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார், வேடிக்கை பார்த்துக்கொண்டு. அணில் தன் காலித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கும்," என்றாள்.

அம்மா மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.