பிரிக்காத பெட்டி

ஓயாமல் அடித்த காந்தனின் கைப்பேசியை ராகினி அணைக்கப் போனபோது அம்மா முனியம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“அணைக்காதடி. எத்தன பேரு அவனத் தேடுறாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

தம்பி காந்தன் கூடத்தின் நடுவே உயிரின்றிக் கிடந்தான். நாற்பதுகூட ஆகவில்லை, நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அலோர் காஜா வட்டாரப் பள்ளிகளின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொண்டவன். சேதி எட்டாதவர்கள் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் முனியம்மா அழுகையை நிறுத்தி, எந்தப் பள்ளி என்று கேட்டு, அதன் பெயரையும் ஒப்பாரியில் சேர்த்துக்கொண்டாள்.

ராகினி பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். அவள் ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள், அவ்வளவுதான். காந்தனோ தன் பிறந்தநாளன்றுகூட, அழைப்பு வந்ததும் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு ஓடியவன். “பாவம் புள்ள, சாப்பிடக்கூட விடமாட்றாங்க” என்பாள் அம்மா. அதில் பாவம் எங்கே இருந்தது, பெருமைதான் வழிந்தது. அதைக் கேட்டுக் கேட்டே ராகினிக்கு வயிறு எரியும். இன்றும் எரிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைப் பார்த்து, “நீங்க காந்தனுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்கள்.

ஆண்கள் உடலை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். ராகினி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, செம்பனைத் தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியை பவானேஸ்வரி இன்னும் வாசல் கேட்டருகே தயங்கி நின்றார்.

“கேக்கவே வாய் வரலமா. காலையில இருந்து ஸ்கூல்ல இண்டர்நெட் லைன் இல்ல. நாளைக்குப் புள்ளைங்களுக்கு மாவட்டப் போட்டி, எல்லாம் கம்ப்யூட்டர்லதான். உங்களுக்கும் இந்த வேல தெரியும்னு தம்பி ஒரு தடவ சொன்னாரு...”

ராகினி செருப்பைத் தேடினாள்.

“ஈரத்தலையோட எங்கடி போற?” உள்ளிருந்து அம்மா.

“ஒம் மவன் வேலையப் பாக்க.”

“அது அவன் கைக்கு மட்டும்தான் கேக்கும். நீ போயி என்னத்தக் கிழிக்கப் போற?”

பவானேஸ்வரியின் கார் செம்பனைகளுக்கு நடுவே ஓடிப் பள்ளியை அடைந்தது.

கணினி அறையில், எல்லாக் கணினிகளுக்கும் லைனைப் பிரித்துத் தரும் கருவி சுவரில் தொங்கியது. தொட்டால் சுட்டது. பழைய சாமான். சூடேறினால் நின்றுவிடும், ஆறவைத்துப் போட்டால் வேலை செய்யும், பிறகு மறுபடியும் நிற்கும்.

“இது அடிக்கடி நிக்குமா டீச்சர்?”

“வாரத்துல ரெண்டு மூணு தடவலா. கூப்பிட்ட ஒடனே தம்பி பறந்து வந்துருவாரு. யாரு இருக்கா அந்த மாதிரி!” கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாற்றுச் சாமான் ஏதும் கிடைக்குமா என்று ராகினி மேசைக்கடியில் குனிந்தாள். விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. மேலே ஒட்டிய தாளில் பள்ளியின் பெயர்; இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி; பெற்றுக்கொண்டதற்குக் காந்தனின் கையெழுத்து. புத்தம் புதுக் கருவி. ஒட்டுநாடாகூடப் பிரிக்கப்படவில்லை.

“அதுவா? எல்லாப் பள்ளிக்கும் வந்துச்சு. இன்னும் மாத்துற நேரம் வரலன்னு தம்பி எல்லா எடத்துலயும் அப்படியே வச்சிருக்காரு.”

ராகினி பெட்டியின் முன் அப்படியே குந்தியிருந்தாள். இதை மாட்ட அரைமணி நேரம் போதும். மாட்டியிருந்தால் லைன் நிற்காது. லைன் நிற்காவிட்டால் எதற்கு அவனைக் கூப்பிடுவார்கள்?

பிசைந்த சோறு. உதைத்த மோட்டார்.

‘அடப்பாவி’ என்று வாய்க்குள் சொன்னாள். ஒட்டுநாடாவின் முனையை நகத்தால் நெம்பினாள். அது சுலபமாக உரிந்து வந்தது.

“இனிமே ஒன்னுன்னா யாரத் தேடிப் போவேன்?” பவானேஸ்வரி தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

ராகினியின் விரல் நின்றது. உரித்த நாடாவைத் திரும்ப அழுத்தி ஒட்டினாள். பெட்டியைக் கொடிகளுக்குப் பின்னால், முன்பிருந்ததைவிட உள்ளே தள்ளினாள்.

“தம்பி சொன்னது சரிதான் டீச்சர். இப்ப வேணாம்.”

பழைய கருவியைக் கழற்றி மின்விசிறிக்கு நேரே வைத்தாள். ஆறியதும் மாட்டினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பவானேஸ்வரி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அப்படியே தம்பி கை!”

ராகினி கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“நாளைக்குப் போட்டி நடக்கும்போது நின்னுருச்சுன்னா என்னம்மா பண்றது?”

“நிக்கும் டீச்சர். எனக்குக் கூப்பிடுங்க, வந்துர்றேன்.”

கருவிக்குப் பக்கத்தில் சுவரில் கறுப்பு மையில் காந்தனின் கைப்பேசி எண் பெரிதாக எழுதியிருந்தது. பவானேஸ்வரி ஈரத்துணியால் தேய்த்தார். மை முழுதாகப் போகவில்லை. ராகினி பேனாவை வாங்கி, அதன் மேலேயே தன் எண்ணை அழுத்தி எழுதினாள்.