செவலைக் குதிரையின் குட்டிகள்

செவலைப் பெட்டை ஈன்ற இரண்டாவது குட்டியும் மூன்றாம் நாள் செத்தது. தாய் நக்கிய இடமெல்லாம் தோல் பிய்ந்து வந்தது. தேவதானம் தோப்பில் அதைப் புதைத்துவிட்டு வந்த நவநீதகிருஷ்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனைவி வெங்கடேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் போனபோதுகூட அவர் மறுநாளே லாயத்துக்குப் போய்விட்டவர்.

கால்நடை மருத்துவர் சிவரஞ்சனி பெட்டைக்கும் பொலிகுதிரைக்கும் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார். இன்று உலகத்திலுள்ள வீட்டுக் குதிரைகளின் ஆண்வழி ஒரு சில பொலிகுதிரைகளுக்குள் அடங்கிவிடுமாம். நல்ல ஜாதி வேண்டுமென்று மனிதர்கள் உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் குறுக்கிவிட்டார்களாம். இவை இரண்டும் ஒரே பாட்டன் வழி. மரபணுவில் ஒரு பழுது இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கமிருந்து வந்தால் ஒன்றும் செய்யாது. இரு பக்கமும் வந்தால் குட்டி தங்காது.

நவநீதகிருஷ்ணன் உடனே ஒப்புக்கொண்டு, வெளியூர்க் குதிரைக்குச் சொல்லிவைத்தார்.

காபியோடு நின்ற வெங்கடேஸ்வரி அவருடைய அக்கா மகள். அவள் பிள்ளைகள் இரண்டும் ஆறாம் மாதத்தில், தலை நிற்காமலே போயின. அவள் பால் சரியில்லை என்று சொந்தமெல்லாம் பேசியது.

"டாக்டரம்மா, இது மனுசருக்கும் உண்டா?"

சிவரஞ்சனி அவள் முகத்தைப் பார்க்காமல், மதுரையில் சோதிக்கலாம், இரண்டு பேரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். நவநீதகிருஷ்ணன் எழுந்து போய்விட்டார்.

"குதிரைக்கு நீங்களே பிடிச்சு நின்னு ரத்தம் எடுக்கக் குடுத்தீக. எனக்காவ ஒரு தடவ வாங்க, மாமா."

ஒரு மாதம் கேட்டபிறகுதான் வந்தார். இருவரிடமும் ஒரே பழுது இருந்தது. முடிவை வாங்கித் திரும்பும் பஸ்ஸில், ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அக்காவுக்குத் தெரிய வேண்டாம். தையில கல்யாணம் இருக்கு."

அவர் தம்பிக்கும் அவள் தங்கைக்கும் பத்திரிகை அடித்தாகிவிட்டது. வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அம்மா வீட்டுக்கு நடந்தாள். தங்கை கையில் ரிப்போர்ட்டைக் கொடுத்து, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா அதைப் பிடுங்கிக் கிழித்தாள்.

மாப்பிள்ளை ரத்தம் கொடுக்க மறுத்தான். தங்கை கழுத்தை நீட்ட மறுத்தாள். கல்யாணம் நின்றது. அம்மா தம்பிகள் இருவர் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. நவநீதகிருஷ்ணன் லாயத்திலேயே படுத்துக்கொள்கிறார்.

பங்குனியில் தங்கை போனில் கூப்பிட்டாள். "நீ சொன்னது சரிதாங்க்கா," என்றாள். "ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்."