இடுப்பில் ஒரு கம்பி

‘ஒரு தடவைகூட நான் சும்மா குதித்ததில்லை’ என்ற வரியை வாசித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்பா கண்ணைத் திறந்தார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, “மேல படி” என்றார்.

படித்தாள். இடுப்பில் எப்போதும் மெல்லிய கம்பி இருந்ததாம். படத்தில் அதை அழித்துவிடுவார்களாம். கம்பி இல்லாமல் முதல் மாடி விளிம்பில் நின்றாலே கால் நடுங்குமாம். அந்தச் சண்டைப்பட நடிகர் வயதான காலத்தில் எதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

அப்பா அவரை ‘நம்மாளு’ என்றுதான் சொல்வார். அப்பா முப்பது வருடம் உயரக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். ஒருநாளும் பாதுகாப்பு பெல்ட் மாட்டியதில்லை. நம்மாளு மாட்டினானா என்பார். அண்ணனையும் அப்படியே பழக்கினார். மேஸ்திரி சாரத்திலேயே ஒரு பெல்ட்டைத் தொங்கவிட்டிருப்பதாக நேற்று அண்ணன் சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்போது அவன் அதே சாரத்தில், ஒன்பதாம் மாடியில்.

அப்பாவின் விரல்கள் போர்வையை இறுக்கின. அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

“அவன... பெல்ட் போடச் சொல்லு.”

அண்ணனைப் போனில் அழைத்தாள். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை அண்ணன் எடுப்பதற்குள் அப்பாவின் மூச்சு நின்றிருந்தது. மணிக்கட்டைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள்.

காதில் காற்று இரைந்தது. “என்ன பாப்பா? வேலையில இருக்கேன்.”

ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் போன். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்?

“பெல்ட்ட மாட்டிட்டுக் கீழ இறங்குண்ணா. அப்பா சொன்னாரு.”

“அப்பாவா? போட்டேன்னு தெரிஞ்சாலே தோலை உரிச்சிருவாரு.”

புத்தகத்தை எடுத்தாள். எழுத்துகள் ஆடின. கம்பி பற்றிய பத்தியை முழுவதும் வாசித்தாள், செய்தி வாசிப்பவளைப்போல.

“இத அப்பா கேட்டாரா?”

“கேட்டாரு.”

பெல்ட்டின் கொக்கி இரும்பில் விழும் சத்தம் கேட்டது. போனை வைக்காதே என்றாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்போல; துணி உரசியது. ஒரு காலடி, கொக்கி, இன்னொரு காலடி. நடுவே ஒரு சறுக்கல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் கொக்கி.

காற்றின் இரைச்சல் மெல்லக் குறைந்தது. யாரோ ஜல்லி அள்ளினார்கள். லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.

“மணல்மேல உக்காந்துட்டேன்” என்றான் அண்ணன். “இப்பச் சொல்லு.”