கலைமகள் கேட்டு வாங்கிய வேலை

...அவளுக்கு மட்டும் எப்படி வாய் வந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, என்னைப் போலத்தானே கலைமகளும், ஒரே மையம், ஒரே தையல் வகுப்பு, பக்கத்துப் பக்கத்து மிஷின், ஒரே பாவாடையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவர்கள்தானே நாங்கள்... கால் வராத பெண்ணென்றால் தையல் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ, மிஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு ஊன்றுகோல், அவளுக்குச் சக்கர நாற்காலி, அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லப்போனால் நானாவது கொஞ்சம் நடப்பேன். நடக்கிற நான் தஞ்சாவூரில் இந்த மறுவாழ்வு மையத்து வராந்தாவில் எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன், நடக்காத அவள் நீடாமங்கலத்தில் வீட்டுக் கூடத்தில் இருந்தபடியே சுற்றுவட்டாரம் முழுக்க அறுவடை வண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிகிறது. காலையில் சாப்பிட்ட இட்லியோடு சேர்த்து எரிகிறது. பக்கத்து நாற்காலியில் பிரபு அண்ணன் கொட்டாவி விடுகிறான், அவனுக்கென்ன, உள்ளே போனதும் எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான், எப்போதும் அப்படித்தானே. இங்கே அதுதான் வழக்கம். மாற்றுத்திறனாளி வந்தால் கூட வந்தவரைப் பார்த்துப் பேசுவது. வேளாங்கண்ணி மெழுகுவத்திக் கடையில் என்னைச் சேர்த்தார்களே, அப்போதும் இங்கே எங்களை வேலைக்கு அனுப்பி வைக்கிற செம்மொழி மேடம் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார், அண்ணன்தான் "நல்ல இடம் மேடம், அனுப்புறோம்" என்றான். திருவிழாக் கூட்டத்தில் ஊன்றுகோலோடு நாள் முழுக்க நின்றது அண்ணனா, நான்தானே? அப்புறம் மயிலாடுதுறையில் ரெடிமேட் கம்பெனி, அங்கே கழிப்பறை மாடியில்... தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றே எனக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மயிலாடுதுறையை விட்டுவிட்டு மறுபடி வகுப்புக்கு வந்திருந்த சமயம், ஒரு நாள் அவளுடைய அப்பா துரைராசு மாமாவும் வந்திருந்தார், மேடமும் வழக்கம்போல அவரைப் பார்த்து, "மயிலாடுதுறை கம்பெனியிலயே இவங்களுக்கும் இடம் இருக்கு" என்றார். நாங்கள் தைத்துக்கொண்டிருந்த அறையில்தான், எல்லோர் முன்னாலும்தான், அவள் கேட்டாள். "அப்பாவ ஏன் மேடம் பாக்குறீங்க, வேலைக்குப் போகப்போறது நான்தானே? எனக்குத் தையல் வேணாம். எங்க ஊருல அப்சர் அண்ணன் அறுவடை வண்டி வச்சிருக்காரு, வண்டி கேட்டு வர்ற போன எடுக்க ஆள் இல்லாம திண்டாடுறாரு. அந்த வேலைய அவருகிட்டயே கத்துக்கிறேன், நீங்க அதுக்கு ஏற்பாடு பண்ணிக் குடுங்க. அதுக்குத்தானே இந்த மையம்?" மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. துரைராசு மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். இவளைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன், துரத்தினால் நன்றாக இருக்கும் என்றும்தான் நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? துரத்தவில்லை. குறுவை நெல்லை நட்டு அறுக்கும்வரை இழுத்தடித்தார்கள், மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றார்கள், இப்படி வழக்கமில்லை என்றார்கள், அவளும் விடாமல் வந்து வந்து இதே வராந்தாவில் உட்கார்ந்தாள். கடைசியில் கொடுத்தார்கள். அவளுக்கு மட்டுமல்ல, இனிமேல் என்ன வேலை, எந்த ஊரில், யாரிடம் கற்றுக்கொள்வது என்று அவரவரே சொல்லலாமாம், மையம் அதற்கு உதவி செய்யுமாம். எல்லோரும் கலைமகளால்தான் கலைமகளால்தான் என்கிறார்கள். நான் இன்று உள்ளே போய் வாயைத் திறந்தாலும் அது அவள் திறந்துவிட்ட வாய்தான், அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன சம்பா அறுப்பில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது, எங்கள் வயலுக்கு வண்டி கேட்டு அண்ணன் அவளுக்குத்தான் போன் போட்டான், ஸ்பீக்கரில் வேறு போட்டான், நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "அண்ணே, வயல்ல கால் புதையுதா? அப்ப டயர் வண்டி வேணாம், சேத்துல புதையாத பெல்ட் வண்டி அனுப்புறேன். முன்வயல் வீரையன் மாமா அறுத்தாத்தானே உங்க வயலுக்கு வண்டி இறங்க வழி? அவருகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கவலப்படாதீங்க." போனை வைத்துவிட்டு அண்ணன், "என்னமாப் பேசுது அந்தப் பொண்ணு!" என்றான். யார், இந்த அண்ணன்! வீட்டுக்கு வந்தவர் என்னிடம் பெயர் கேட்டால்கூட முந்திக்கொண்டு பதில் சொல்கிறவன், அவனுக்கு அவள் பேசினால் இனிக்கிறது. அன்று ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டேன். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனான், அது அதைவிட எரிச்சல்.

கூப்பிட்டுவிட்டார்கள். ஊன்றுகோலை எடு, மெதுவாக, இந்த டைல்ஸ் வழுக்கும்... மேடம் என்னைத்தான் பார்க்கிறார், என்னை மட்டும்தான், அது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது. "உக்காருங்க ஆனந்தவல்லி. என்ன வேலை பாக்கணும்னு நினைக்கிறீங்க?" அண்ணன் அதற்குள் ஆரம்பித்துவிட்டான், "அதுக்கு என்ன மேடம் தெரியும், நீங்களா பாத்து..." "அண்ணே, நீ கொஞ்சம் வெளிய இரு." சொன்னது நானா? நான்தான். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், எழுந்து போய்விட்டான். இப்போது சொல்ல வேண்டியதுதான், தயாராகத்தானே வந்திருக்கிறேன், வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததுதானே. "கலைமகள் பாக்குற மாதிரி வேலை மேடம்." "சரி. போன்ல பேசுறது உங்களுக்குப் பிடிக்குமா?" போனா... மணி அடித்தாலே அண்ணனிடம் நீட்டிவிடுகிறவள் நான். "பிடிக்காது மேடம்." "அறுவடை, வண்டி, இதுலல்லாம் விருப்பம் இருக்கா?" "இல்ல மேடம்." மேடம் சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம், சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு என்ன வேணும்?" எனக்கா... தையல் வேண்டாம், நின்றுகொண்டே பார்க்கிற வேலை வேண்டாம், கழிப்பறை மாடியில் இருக்கிற இடம் வேண்டாம், வேண்டாததெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, வேண்டுவது எங்கே? தேடித் தேடிப் பார்க்கிறேன், எங்கே திரும்பினாலும் அவள்தான் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்ன கிடைத்தது என்றே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், இத்தனை நாளும், எனக்கென்று ஒன்றை நான் என்னிடமே கேட்டதில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன். "யோசிங்க. எப்ப வேணாலும் வந்து சொல்லுங்க. ஆனா நீங்கதான் சொல்லணும்."

வெளியே வந்ததும் அண்ணன், "என்ன சொன்ன?" என்றான். "இன்னும் சொல்லல." அவன் உர்ரென்று வண்டியை எடுக்கப் போனான், போகட்டும். கலைமகளுக்கும் முதலில் இப்படித்தான் வாய் ஒட்டிக்கொண்டிருந்ததா? என்ன வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடித்தாள்? நம்பர் இருக்கிறது, போட்டால் உடனே எடுப்பாள், "என்னடி ஆனந்தி" என்பாள், எனக்கு எந்த வேலை பொருந்தும் என்று யோசித்துச் சொல்லியும் விடுவாள், நல்ல வேலையாகவே சொல்லுவாள்... அதுதான் பயமாக இருக்கிறது, நானும் சரி என்று சொல்லிவிடுவேன்.