இக்னேசியஸ் காணாத பெண்

லாபிருக்குப் பதினைந்து வயதானபோது, மாமா அவனை மலைநாட்டுக்கு ஒரு கார்ப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனார். ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வந்த கார்கள் எல்லாம் அதற்கு முன்னால் பிரேக் பிடித்து, முனகித் திரும்பின. ஏழாவதாக வந்த வெள்ளைக் கார் பிரேக்கே பிடிக்கவில்லை. சனம் அலறிப் பின்னால் பாய்ந்தது. கார் வளைவுக்குள் சாய்ந்து, மண்ணை வாரி எறிந்துவிட்டு மேலே போய்விட்டது.

"யாரது?" என்று மாமா கேட்டார்.

"திருகோணமலை இக்னேசியஸ்."

தன் மாவட்டத்துக்காரர் என்று தெரிந்ததும் லாபிருக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அவன் கிண்ணியாவில் டயர்க் கடை வைத்தான். தேய்ந்த டயரைப் பார்த்தே ஓட்டியவரின் குணத்தைச் சொல்லிவிடுவான். ஒருமுறை இக்னேசியஸின் பழைய டயர்கள் நாலும் கைக்கு வந்தன. நாலும் ஒரே அளவாய்த் தேய்ந்திருந்தன. பந்தயத்தில் ஓடிய டயர் அப்படித் தேய்வதில்லை. அன்றிரவே முகநூலில் அவருக்கென்று ஒரு பக்கம் தொடங்கினான். 'நமக்கு வளைவு தெரியும்போது அவர் அதை ஓட்டி முடித்திருப்பார்' என்று எழுதினான். பதினோராயிரம் பேர் சேர்ந்தார்கள். இளைஞர்கள் சிலர் கரையோர வீதி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் திரும்பிப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒருவனுக்குக் கால் போனது. லாபிர் அந்தப் படத்தை மட்டும் அழித்துவிட்டு, வழமைபோல எழுதிக்கொண்டிருந்தான்.

போன ஆவணியில் குச்சவெளியில் ஒரு விளையாட்டுக் கழகம், திறந்த வெளியில் கயிறு கட்டி, இக்னேசியஸை மூன்று சுற்றுக் கார் ஓடிக்காட்ட அழைத்தது. லாபிரின் பக்கத்தைப் பார்த்துத்தான் அழைத்தார்கள். அவரைக் கூட்டிவரும் பொறுப்பும் அவனுக்கே.

காலை ஏழு மணிக்கு அவருடைய வீட்டுக்குப் போனான். அறுபத்தைந்து வயது, வெள்ளைச் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். தன் காரின் திறப்பை அவனிடம் கொடுக்கவில்லை. "நான் ஓடுறன். நீர் பக்கத்தில இரும்," என்றார். அவருடைய மனைவி அருள்மலர் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார் அதற்குள் வெளிக்கிட்டுவிட்டது.

நிலாவெளி தாண்டும்வரை லாபிர் அவருடைய ஓட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அவ்வளவு சந்தோஷம். கியர் மாறுவதே தெரியவில்லை. பள்ளங்களை முன்கூட்டியே ஒதுக்கிப் போனார்.

ஒரு பாலத்தடியில் வீதி வேலை நடந்தது. நடுவீதியில் சிவப்புக் கொடியோடு ஒருவர் நின்றார். இக்னேசியஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. விளையாடுகிறார் என்று லாபிர் நினைத்தான். கொடிக்காரர் கையை உயர்த்தினார், பிறகு இரண்டு கையையும் உயர்த்தினார்.

"அண்ணன், ஆள்! முன்னால ஆள்!"

கார் நின்றபோது கொடிக்காரர் வீதியோரப் பற்றைக்குள் கிடந்தார். காயமில்லை. எழுந்து கெட்ட வார்த்தையால் ஏசினார். இக்னேசியஸ் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "மன்னிக்கவேணும்," என்றார்.

பாலம் கடந்ததும் தானே சொன்னார். "ரெண்டு வருஷமாச்சு. ஓரமெல்லாம் தெரியும். நடுவில மட்டும் ஒரு கறுப்பு. எங்க பார்க்கிறனோ அங்க ஒண்டும் இருக்காது. டொக்டர் இனிச் சரிவராதெண்டிட்டார்."

"அப்ப இவ்வளவு தூரம் எப்பிடி வந்தீங்க?"

"இந்த றோட்டு எனக்கு மனப்பாடம்."

"குச்சவெளியில ஓட ஏலாது, அண்ணன். சனம் நிற்கும். புள்ளையள் நிற்கும்."

"மூண்டே மூண்டு சுற்று. நீர் இருந்து சொல்லும், நான் ஓடுவன். இதுதான் கடைசி." கியரை மாற்றிவிட்டு, "நீர் எழுதினதையெல்லாம் அருள் எனக்கு வாசிச்சுக் காட்டுறவ," என்றார்.

லாபிர் சரி என்றான்.

குச்சவெளியில் கயிற்றின் இருபக்கமும் சனம். ஒலிபெருக்கி அவனுடைய வரிகளையே வாசித்தது. முதல் சுற்றில் "வலம்... நேர்... இடம்" என்று சொல்லிக்கொண்டே போனான். இரண்டாம் சுற்றில் அவர் அவனுடைய சொல்லுக்கு முந்திவிட்டார், பாதை பாடமாகிவிட்டது. காற்சட்டை நனைந்துவிட்டதை லாபிர் உணர்ந்தான். வியர்வையா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

மூன்றாம் சுற்றில், கடைசி வளைவில், ஒரு பெண் ஃபோனைப் பிடித்தபடி கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். நேரே நடுவில் நின்றாள். லாபிர் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இக்னேசியஸ் பிரேக்கைத் தொடவில்லை. கார் சாய்ந்தது. பெண்ணின் முந்தானை கண்ணாடியில் உரசிப் போனது.

சனம் ஆரவாரித்தது. இக்னேசியஸ் இறங்கிக் கை அசைத்தார். அந்தப் பெண் சிரித்தபடி ஓடிவந்தாள்.

"ஒரு சாண்தான் இடைவெளி! எவ்வளவு கணக்காக எடுத்தவர், பார்த்தீங்களா?"

இக்னேசியஸ் லாபிரின் காதருகே குனிந்தார். "யார் இந்தப் பிள்ளை? என்ன சொல்லுறா?"

லாபிர் திறப்பைப் பிடுங்கி, திரும்பி வரும்போது தானே ஓட்டினான்.

அந்தப் பெண் ஃபோனில் எடுத்த படத்தை இரண்டு நாளில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் லாபிர் உண்மையை எழுதினான்: அவருக்குக் கண் தெரியாது, நான் பக்கத்தில் இருந்தேன், பெண் தப்பியது தற்செயல். அவனைப் பொறாமைக்காரன் என்றார்கள். கண் தெரியாமல் அப்படி ஓட்டினார் என்றால் அவர் மனிதனே இல்லை, தெய்வம் என்றார்கள். அந்த வரியைத்தான் எல்லாரும் பகிர்ந்தார்கள்.

கழகத்துக்கு நேரில் போய்ச் சொன்னான். செயலாளர் சிரித்தார்.

புரட்டாதியில் அருள்மலர் ஃபோனில் அழைத்தார்.

"தம்பி, வெருகல் பக்கம் கார் ஓடக் கூப்பிட்டிருக்கினம். ஓம் எண்டிட்டார்."

"நான் போகமாட்டன், அக்கா. நீங்களும் விடாதீங்க."

"நான் திறப்பை ஒளிச்சு வைச்சனான். காலமை காரோட வந்து ஏத்திக்கொண்டு போயிட்டினம். உங்கட பேஸ்புக் பக்கத்தில இருக்கிற பெடியங்கள்தான். பக்கத்தில இருந்து சொல்ல ஆளிருக்கெண்டு சொன்னவங்கள்."

லாபிர் கடையைப் பூட்டாமலே மோட்டார் சைக்கிளை எடுத்தான். மூதூரைத் தாண்டும்போது ஃபோன் அடித்தது, அருள்மலர். சேதியைக் கேட்கப் பயந்து எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மறுபடியும்.